பத்திரிகைக் கட்டும் பலசரக்குக் கடையும்

புகழ் பெற்றவர்களின் வாழ்க்கையை எழுதுவோர் பலர். அப்புகழுக்கு அடியில் நின்று தோள் கொடுத்தவர்களின் வாழ்க்கையை எழுதுவோர் சிலரே. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் கண்கள் அதன் அடித்தளத்தைக் குனிந்து பார்ப்பதில்லை.

அப்துல் கலாம் என்னும் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் இம்மாநகரில் இராது. 1931 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15 ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்து, விண்ணியல் துறையில் பெரும்பணி ஆற்றி, 1997 இல் பாரத ரத்னா விருது பெற்று, 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கி, 2015 ஆம் ஆண்டு சூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர் முன் உரையாற்றுகையில் மயங்கி வீழ்ந்து மறைந்தார் அப்பெருமகனார். இவையெல்லாம் நம் பிள்ளைகள் பள்ளிப் பாடமாகவே படித்து அறிந்தவை.

ஆனால், சம்சுதீன் யார் என்று கேட்டால் நம்முள் எத்தனை பேர் விடை கூறுவர்? முஸ்தபா கமால் யார் என்று கேட்டால்? முன்னவர் இராமேசுவரத்தின் பத்திரிகை ஏஜண்டு. கலாமுக்கு உறவுச் சகோதரர். பின்னவர் அதே ஊரில் புகைவண்டி நிலையச் சாலையில் பலசரக்குக் கடை நடத்தியவர், கலாமின் அண்ணன். ஒரே குடும்பத்தில் ஒருவர் பத்திரிகை விற்றார்; ஒருவர் அரிசியும் எண்ணெயும் விற்றார். அவ்விருவரிடமும் வேலை பார்த்த சிறுவன் பின்னாளில் நாட்டின் முதற்குடிமகன் ஆனான். கடைவைத்துப் பிழைக்கும் குடும்பங்களும், கடையில் நின்ற தந்தையின் உழைப்பால் படித்த பிள்ளைகளும் நிறைந்த நம் மும்பைத் தமிழ்ச் சமுதாயம் இவ்வரலாற்றை ஒரு முறையேனும் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஓர் ஆள் நடத்திய நிறுவனம்

இராமேசுவரம் ஒரு தீவு. 1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னரே புகைவண்டி கடலைக் கடந்து அத்தீவினுள் புகுந்தது. அந்நாளில் தனுஷ்கோடி வரை இருப்புப்பாதை சென்றது; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்டது. 1964 ஆம் ஆண்டு திசம்பரில் வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்துபட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அத்தீவுக்கு வெளியுலகச் செய்தி பாம்பனிலிருந்து வரும் காலை வண்டியில் வந்து சேர்ந்தது. அதை இறக்கி வீடு வீடாகச் சேர்ப்பித்தவர் சம்சுதீன். அவருடைய ஏஜன்சியில் கணக்கர் இல்லை, சிப்பந்தி இல்லை. முதலாளியும் அவரே, கூலியாளும் அவரே. எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ ஆயிரம் பேரே அவ்வூரில் இருந்தனர் என்று கலாம் தம் வரலாற்று நூலான ‘அக்கினிச் சிறகுகள்’ வாயிலாகத் தெரிவிக்கிறார். அந்த ஆயிரவருக்கும் உலகத்தைக் காட்டும் பலகணியாக விளங்கியவர் இந்த ஒரே மனிதர்தாம்.

அவர்கள் எதற்காகப் பத்திரிகை வாங்கினர்? விடுதலைப் போராட்டச் செய்தியை அறியச் சிலர். சோதிடம் பார்க்கச் சிலர். சென்னையில் தங்கம், வெள்ளி என்ன விலைக்கு விற்கின்றன என்று அறியச் சிலர். மிகுதியாக விற்றது ‘தினமணி’. 1934 ஆம் ஆண்டு செப்டம்பர் 11 ஆம் நாள், பாரதியாரின் நினைவு நாளில், டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு சென்னையில் தோன்றிய நாளேடு அது. அதைத் தொடங்கியவர் சதானந்த். நம் நகரில் 1930 ஆம் ஆண்டு ‘பிரீ பிரஸ் ஜர்னல்’ நாளேட்டை நிறுவிய அதே சதானந்த் தான் அவர். பம்பாயில் மூண்ட பத்திரிகைக் கனலின் ஒரு பொறி, இராமேசுவரத்துப் பள்ளிவாசல் தெரு வரை சென்று ஒளி வீசியது என்பதை எண்ணும்போது நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது அன்றோ?

சம்சுதீன் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஆயினும் நாள்தோறும் அவர் கையில் உலகம் வந்து தங்கிச் சென்றது. அவரும், கலாமின் சகோதரி ஜொஹராவைப் பின்னாளில் மணந்த அகமது ஜலாலுதீனும் சிறுவன் கலாமுடன் ஊர்க்கதையும் உலகக் கதையும் பேசினர். காந்தியடிகள், பெரியார், ஜின்னா, இட்லர் ஆகிய பெயர்களெல்லாம் அக்கடற்கரை ஊரின் பேச்சில் இடம்பெற்றன. எழுத்துக் கூட்டிச் செய்தி படிக்கும் பயிற்சி வருமுன்னர், வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும் தாள்களில் இருந்த படங்களை மட்டும் பார்த்து அச்சிறுவன் மனநிறைவு கொண்டான். தன் கல்வி முழுவதும் ஏட்டிலிருந்து மட்டும் வந்ததன்று, இவ்விருவரின் தோழமையிலிருந்தும் வந்தது என்பதைக் கலாம் பின்னாளில் பலமுறை நன்றியுடன் கூறினார்.

ஓடும் வண்டியிலிருந்து விழுந்த கட்டு

1939 ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அப்போது கலாமுக்கு வயது எட்டு. எங்கோ ஐரோப்பாவில் வெடித்த குண்டின் அதிர்ச்சி இராமேசுவரத்துக் கடைத்தெரு வரை வந்தது. திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி ஏற்பட்டது. அச்சிறுவன் புளியங்கொட்டை பொறுக்கிச் சேர்த்துப் பள்ளிவாசல் தெருவில் இருந்த பலசரக்குக் கடையில் விற்றான். ஒரு நாள் சேகரிப்புக்கு ஓர் அணா கிடைத்தது. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய் என்றிருந்த காலம் அது. புளியங்கொட்டை மாவு நூலுக்குக் கஞ்சி போடப் பயன்படுவது. பரேலிலும் இலால்பாகிலும் பஞ்சாலைகளின் சங்கொலி கேட்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு அதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

போர் காரணமாக இராமேசுவரம் நிலையத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. வண்டி நில்லாவிட்டால் பத்திரிகை எவ்வாறு இறங்கும்? இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட வழியில் ஓடும் வண்டியிலிருந்தே கட்டுகளை வெளியே எறிந்தனர். எறிந்த கட்டைப் பிடிக்க ஒரு துணை வேண்டியிருந்தது. சம்சுதீன் அவ்வேலையைச் சிறுவன் கலாமுக்குக் கொடுத்தார், கூலியும் கொடுத்தார்.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். உறவினர் வீட்டுப் பிள்ளை, வயதோ எட்டு. ‘தம்பி, கொஞ்சம் ஓடிப்போய் எடுத்து வா’ என்று சொல்லியிருந்தால் அச்சிறுவன் கூலியின்றியே ஓடியிருப்பான். நம் வீடுகளில் அப்படித்தானே வேலை வாங்குகிறோம்? சம்சுதீன் அவ்வாறு செய்யவில்லை. செய்த வேலைக்கு உரிய காசை எண்ணிக் கையில் வைத்தார். அதன் பயன் என்ன? அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், தன் உழைப்பால் முதன்முதல் ஈட்டிய அந்தக் காசின் பெருமிதத்தைக் கலாம் மறவாது நினைவுகூர்ந்தார். ஒரு சிறுவனின் உள்ளத்தில் தன்மதிப்பை விதைக்கப் பெரும் செல்வம் தேவையில்லை. நேர்மையாக எண்ணிக் கொடுத்த சில காசுகளே போதும்.

பத்திரிகை ஏஜண்டின் தொழில் எத்தகையது என்பதை அத்தொழிலில் இருப்பவர்களே அறிவர். அவர் விற்கும் பொருளுக்கு ஆயுள் ஒரு பகல். காலையில் காசு பெறும் தாள் மறுநாள் காலையில் எடைக்குப் போகும் தாள். மழையென்றோ காய்ச்சலென்றோ ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய சரக்கு முழுவதும் வீண். வாடிக்கையாளரோ மாதம் முடிந்த பின்னரே பணம் தருவர். அதையும் இருமுறை மும்முறை நடந்து கேட்ட பின்னரே தருவாரும் உண்டு. ஒரு பிரதிக்குக் கிடைக்கும் கமிஷன் சிறிது. அச்சிறு காசுகளைச் சேர்த்துத்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பொறுமையும் ஒழுங்கும் இல்லாதவர் இத்தொழிலில் ஓர் ஆண்டும் நிலைக்கமாட்டார். அந்தப் பொறுமையையும் ஒழுங்கையும் எட்டு வயதிலேயே அருகிருந்து பார்த்தான் அச்சிறுவன்.

அண்ணன் கடை

இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்து, 1950 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார் கலாம். விடுமுறைக்கு ஊர் வந்தால் அண்ணன் முஸ்தபா கமாலின் கடை அவருக்காகக் காத்திருக்கும். சிறிது நேரம் பார்த்துக்கொள் என்று தம்பியை அமர்த்திவிட்டு அண்ணன் வெளியே சென்றால், திரும்பப் பல மணி நேரம் ஆகிவிடும். கல்லூரி மாணவர் கடையின் பொறுப்பு முழுவதையும் ஏற்று எண்ணெய் அளப்பார், வெங்காயம் நிறுப்பார், அரிசி கட்டித் தருவார். அண்ணன் விடுவித்தால், சங்கும் சிப்பியும் கொண்டு செய்த அழகுப் பொருள்களை விற்கும் சகோதரர் காசிம் முகமதுவின் சிறு கடை அழைக்கும்.

கடையில் விரைந்து விற்றவை சிகரெட்டும் பீடியுமே என்பதை அவர் கண்டார். வியர்வை சிந்தி ஈட்டிய காசை ஏழைகள் ஏன் இப்படிப் புகையாக்குகிறார்கள் என்று அவர் வருந்தி எண்ணியது உண்டு. பொருளாதார நூல் கற்பிக்காத ஒரு பாடம் இது. பலசரக்குக் கடைக்காரருக்கு ஊரின் அந்தரங்கம் தெரியும். எந்த வீட்டில் மாதக் கடைசியில் அரைப்படி அரிசி வாங்குவார்கள், எந்த வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் பற்று ஏறிக்கொண்டே போகிறது என்பதெல்லாம் பேரேட்டில் பதிந்திருக்கும். மக்களின் வாழ்வை அறிய விரும்புவோன் ஒரு மாதம் பலசரக்குக் கடையில் நின்றால் போதும்.

அக்குடும்பம் செல்வக் குடும்பம் அன்று. தந்தை ஜைனுலாப்தீன் யாத்திரிகரை ஏற்றிச் செல்லக் கட்டிய படகைப் புயல் கொண்டுபோயிற்று. தாய் ஆஷியம்மா வீட்டாரோடு வெளியாருக்கும் நாள்தோறும் சோறிட்டார். ஜலாலுதீன் அக்காலத்தில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் என்பதால், ஊராருக்கு வேண்டிய கடிதங்களையெல்லாம் அவரே எழுதிக் கொடுத்தார். சென்னையில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியில் கலாமுக்கு இடம் கிடைத்தபோது, சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அவ்வளவு தொகை இல்லை. சகோதரி ஜொஹரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அந்நகைகளைத் தம் சொந்த உழைப்பால் மீட்பதென்று தம்பி உறுதி பூண்டார்.

எண்ணிப் பாருங்கள். அண்ணன் ஒருவர் கடையில் நின்றார். அக்காள் வளையலைக் கழற்றினார். உறவுச் சகோதரர் பத்திரிகை சுமந்தார். அக்காளின் கணவர் வழி காட்டினார். இத்தனை பேர் ஊரில் நின்றதனால் ஒருவர் ஊரைவிட்டுப் புறப்பட முடிந்தது.

சாந்தாகுரூசில் விடை தந்தவர்கள்

இவ்வரலாறு நம் நகரோடும் தொடர்புடையது. விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் வேலைக்காகக் கலாம் நேர்காணலுக்கு வந்தது பம்பாய்க்கே. அவரைத் தேர்ந்தெடுத்தோருள் முதன்மையானவர் விக்கிரம் சாராபாய். தொடக்கப் பயிற்சியும் இந்நகரின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலேயே நடந்தது. பின்னர், ஏவுகலன் நுட்பம் பயில ஆறு திங்கள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்.

அன்று சாந்தாகுரூஸ் விமான நிலையத்திற்கு வந்து அவரை வழியனுப்பியவர்கள் யார்? அமைச்சர்கள் அல்லர், அதிகாரிகள் அல்லர். இராமேசுவரத்துப் பத்திரிகை ஏஜண்டு சம்சுதீனும், ஜலாலுதீனுமே! பம்பாய் போன்ற ஒரு பெருநகரை அவ்விருவரும் அதற்குமுன் கண்டதில்லை. தம்பி நியூயார்க்கை முதன்முதல் காணப் போகிறார். அவரை அனுப்ப வந்தவர்கள் பம்பாயை முதன்முதல் காண்கிறார்கள். உன்னிடம் எங்களுக்கு நம்பிக்கை உண்டு என்ற கருத்துப்பட ஜலாலுதீன் சொன்ன சொற்களைக் கேட்டபோது கலாமின் கண்கள் கலங்கின.

அவர் தாயகம் திரும்பிய பின்னர், 1963 ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று, கேரளத்துத் தும்பாவிலிருந்து நம் நாட்டு மண்ணில் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அப்பணியில் கலாமுக்கும் பங்கு இருந்தது. அச்செய்தியைத் தாங்கிய நாளேடுகளும், ஊருக்கு ஊர், சம்சுதீனைப் போன்ற யாரோ ஓர் ஏஜண்டின் தோளில்தான் வீடுகளுக்குச் சென்றன!

பெருநகரின் பரபரப்பில் வழிதெரியாது, மொழியும் தெரியாது, ஒரு துணிப்பையுடன் நிலையத்தில் இறங்கும் ஊர்ப் பெரியவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். பேரனைப் பார்க்க வந்தவர், மகனை வழியனுப்ப வந்தவர், மருத்துவத்திற்கு வந்தவர் என அவர் பலர். அவர்களுடைய உடையையும் பேச்சையும் கண்டு நம் பிள்ளைகள் கூச்சப்படும்போது, சாந்தாகுரூசில் நின்ற அவ்விருவரையும் நாம் நினைவூட்டல் நன்று.

நம் கடைகள்

தாராவியிலும், மாட்டுங்காவிலும், செம்பூரிலும் தமிழர் கடைகளைப் பார்த்தால் இராமேசுவரத்தின் இரு தொழில்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைக் காணலாம். முன்புறம் கயிற்றில் தொங்கும் வார இதழ்கள். அவற்றின் பின்னே அப்பளம், வற்றல், காப்பித்தூள், நல்லெண்ணெய், புளி. ஊரிலிருந்து வந்தவனுக்கு நாவின் பசியும் காதின் பசியும் ஒருங்கே தீரும் இடம் அது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை, கடையில் பொட்டலம் மடித்துத் தந்த தாளில் எழுத்துக் கூட்டிப் பழகிய வீடுகள் நம்மிடையே இல்லையா? பத்திரிகையாக ஒரு பகல் வாழ்ந்த தாள், பலசரக்குக் கடையில் பொட்டலமாக மறுபிறவி எடுத்துப் பாடப்புத்தகமாகவும் ஆயிற்று!

இன்று பத்திரிகை மட்டும் விற்று ஒரு குடும்பம் பிழைப்பது அரிதாகிவிட்டது. கைப்பேசியிலேயே செய்தி வருகிறது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் கொள்ளைநோயின் அச்சத்தால் மும்பையில் நாளேடுகளின் அச்சும் வீட்டு விநியோகமும் நின்றபோது, வாயிற்படியில் தாள் விழும் ஓசை இல்லாத விடியலைக் கண்டோம். ஆனால் அந்நாளிலும் பலசரக்குக் கடை திறந்திருந்தது. பத்திரிகை ஏஜண்டாக இருந்தவர் பக்கத்தில் அரிசி மூட்டையும் இறக்கி வைப்பதன் காரணம் இதனால் விளங்கும். இது தோல்வியன்று; வீட்டாரைக் காக்கும் அறிவுடைமை. சரக்கு மாறலாம், விடியுமுன் எழுதலும், கணக்கில் பிழையாமையும், அண்டை வீட்டாரின் வறுமையறிந்து கடன் கொடுத்தலும் மாறுவதில்லை.

ஆயினும் ஒரு குறை நம்மிடம் உண்டு. ‘எங்கள் தந்தை கடை வைத்திருக்கிறார்’ என்று சொல்ல, அலுவலகத்தில் பணியாற்றும் நம் இளைஞர்களுள் சிலர் தயங்குகிறார்கள். திருமணப் பேச்சில் கடைக்காரர் வீடு என்றால் ஒரு படி தாழ்வாக எண்ணுவோரும் உளர். குடியரசுத் தலைவர் மாளிகையில் வாழ்ந்தவரோ பத்திரிகைக் கட்டையும் எண்ணெய்ப் படியையும் மறைக்கவில்லை. தம் நூலிலேயே எழுதி உலகறியச் செய்தார். அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

நாம் வாழும் மகாராட்டிர மாநிலம் அவர் பிறந்த நாளாகிய அக்டோபர் 15 ஐ 2015 முதல் ‘வாசன் பிரேரணா தின்’ என்னும் வாசிப்பு ஊக்க நாளாகக் கொண்டாடி வருகிறது. இம்மாநிலத்துப் பத்திரிகை விற்பனையாளர்களும் அந்நாளைத் தம் நாளாகப் போற்றுகின்றனர். இராமேசுவரத்துச் சிறுவனை மராத்தி மக்கள் இவ்வாறு தமக்குரியவனாக ஏற்றுக்கொண்டிருக்க, அச்சிறுவனுக்குக் கூலி கொடுத்த ஏஜண்டையும், கடையைக் காவல் வைத்த அண்ணனையும் தமிழராகிய நாம் மறக்கலாகுமா?

அடுத்த அக்டோபர் 15 அன்று நம் வீடுகளில் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, தெருவில் பத்திரிகை போடும் பிள்ளையின் பெயரைக் கேட்டறிந்து, அவனிடம் இரண்டு சொல் அன்பாகப் பேசுவது. இரண்டாவது, கடைக்காரரின் பேரேட்டில் நம் பெயரில் நிற்கும் பற்றை அன்றே தீர்ப்பது. கடன் கேட்டு நடக்கும் கால்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. மூன்றாவது, கடையில் வாழ்நாளைக் கழித்த நம் பெரியவர்களை அருகே அமர்த்தி, எந்த ஆண்டு இந்நகருக்கு வந்தார்கள், முதலில் எந்தச் சரக்கை விற்றார்கள், யாருடைய படிப்புக்காக எந்த நகையை அடகு வைத்தார்கள் என்று கேட்டுப் பிள்ளைகளின் கையால் எழுதி வைப்பது.

ஜொஹரா அம்மையார் 1997 இலும், முஸ்தபா கமால் 1999 இலும் மறைந்தனர். தம்பி குடியரசுத் தலைவராக அமர்ந்ததைக் காண அவ்விருவரும் இருக்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்று நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைக் கேட்க வேண்டிய காலம் இதுவே.